அப்பர் என்றால் எதற்கு மேல்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ மோரோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "சார், டாப், ஹை, அப்பர், அபவ் எல்லாத்துக்கும் தமிழ்ல 'மேல்', 'உயர்ந்த'ன்னுதான் வருது. எங்க எதைப் போடறது? பையன் கேக்கிறான், எனக்குச் சொல்லத் தெரியலை."

நல்ல கேள்வி. ஆனால் நாலையும் ஒரே பதிவில் அடக்க முடியாது. இன்றைக்கு 'அப்பர்' மட்டும். தேவாரம் பாடிய அப்பர் இல்லை, ஆங்கில அப்பர். (அவரிடமும் கடைசியில் ஒருமுறை போய் வருவோம்.)

முதலில் இலக்கணம். அதை முடித்துவிட்டால் பிறகு கதை பேசலாம்.

'அப்' என்றால் மேலே. அதோடு 'அர்' ஒட்டினால் 'அப்பர்'. 'பிக்' பிக்கர் ஆவதுபோல இதுவும் உருவத்தில் ஒப்பிடுகிற சொல்தான். 'இன்னர்', 'அவுட்டர்' இரண்டும் இதன் கூடப் பிறந்தவை. ஒரு வேடிக்கை என்னவென்றால், 'பிக்கர் தேன் மைன்' என்று சொல்லலாம். 'அப்பர் தேன் மைன்' என்று சொல்ல முடியாது. பார்வைக்கு ஒப்பீட்டுச் சொல், ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல இடம் தராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது, இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும்தான் நிற்கும். 'தி அப்பர் ரூம்' சரி. 'மை ரூம் இஸ் அப்பர்' தவறு. 'மை ரூம் இஸ் அப்ஸ்டேர்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது, அப்பர் என்றால் உச்சி இல்லை. ஆறு மாடிக் கட்டடத்தில் 'அப்பர் ஃப்ளோர்ஸ்' என்றால் மேலே இருக்கிற இரண்டு மூன்று மாடிகள். 'டாப் ஃப்ளோர்' என்றால் கடைசி மாடி ஒன்றுதான். உச்சியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'அப்பர்மோஸ்ட்' இருக்கிறது.

நான்காவது, 'ஹை' உயரத்தைச் சொல்லும். 'அப்பர்' இடத்தைச் சொல்லும். ஒரு சுவர் தனியாக நின்றாலும் 'ஹை வால்' ஆகலாம். தனியாக நிற்கிற எதுவும் 'அப்பர்' ஆக முடியாது. கீழே ஒரு 'லோயர்' இருந்தால்தான் மேலே ஒரு 'அப்பர்'. உதடு இரண்டு, அதனால் அப்பர் லிப். தாடை இரண்டு, அதனால் அப்பர் ஜா. தோளிலிருந்து முழங்கை வரை அப்பர் ஆர்ம். ரத்த அழுத்தம் பார்க்கும்போது நர்ஸ் பட்டையைச் சுற்றுகிற இடம். என் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவைப்படாது.

இலக்கணம் இவ்வளவுதான். இனி இந்தச் சொல் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

*ரயில்*

தமிழ்நாட்டில் ஆங்கிலமே படிக்காதவருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'அப்பர் பெர்த்'. டிக்கெட்டில் யு.பி. என்று இருந்தால் முழங்கால் வலிக்காரருக்கு அன்றைக்கே வயிற்றைக் கலக்கும். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் காலி இருந்தால்தான் கிடைக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு 8 படுக்கை. உங்கள் எண்ணை 8ஆல் வகுங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 நடு. 3 அல்லது 6 அப்பர். 7 வந்தால் பக்கவாட்டில் கீழே, மீதியே வராவிட்டால் பக்கவாட்டில் மேலே. 43 என்றால்? மீதி 3. ஏணியில் ஏறத் தயாராகுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரயிலில் அப்பர் கிடைத்தவரை யாரும் வணங்குவதில்லை. பரிதாபமாகத்தான் பார்க்கிறார்கள். மேலே இருப்பது மேன்மை என்று இந்தச் சொல்லே சொல்வதில்லை. இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

*எழுத்து*

பென்ஷன் விஷயமாகக் கணினியில் நுழைய வேண்டியிருக்கிறது, வங்கிச் செயலியைத் திறக்க வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லில் 'குறைந்தது ஒரு அப்பர் கேஸ் எழுத்து' வேண்டும் என்று அது கேட்கும். என்னோடு ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "சார், இது என்ன கேஸு? நம்ம மேல யாராவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுச் சொன்னேன்.

கேஸ் என்றால் பெட்டி. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலத்தில், அச்சுக் கோப்பவருக்கு முன்னால் தட்டையான இரண்டு மரப்பெட்டிகள் சாய்வாக இருக்கும். உள்ளே சின்னச் சின்ன அறைகள். அடிக்கடி தேவைப்படும் சிறிய எழுத்துகள் கைக்கு எட்டும் கீழ்ப் பெட்டியில். எப்போதாவது தேவைப்படும் பெரிய எழுத்துகள் மேல் பெட்டியில். ஈய எழுத்தும் போய்விட்டது, பெட்டியும் போய்விட்டது, பெயர் மட்டும் நம் கைபேசியில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கேயும் அதே சங்கதி. எந்நேரமும் வேலை செய்கிற எழுத்துகள் கீழே இருந்தவைதான்.

*செருப்பு*

நான் சில ஆண்டுகள் ஆம்பூர்ப் பக்கம் வேலை பார்த்தேன். அந்தப் பகுதியில் ஷூ தொழிற்சாலைகள் அதிகம். காலையில் கம்பெனி வேன்களில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். என்னிடம் படித்து முடித்த ஒரு பெண் வழியில் பார்த்து, "சார், நான் இப்ப அப்பர் தைக்கிறேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. காலுக்கு அடியில் இருப்பது சோல், அதற்கு மேல் காலை மூடுகிற தோல் பகுதி முழுவதும் அப்பர் என்று அவள்தான் விளக்கினாள். அகராதியில் பார்த்தேன், பெயர்ச்சொல்லாக அப்படியே இருந்தது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும் என்று மேலே சொன்ன சொல், செருப்புக் கடையில் தானே பெயர்ச்சொல் ஆகிவிடுகிறது. சோல் தேய்ந்துபோய் அப்பர் மட்டும் மிஞ்சியவனை ஆங்கிலத்தில் 'ஆன் ஹிஸ் அப்பர்ஸ்' என்பார்கள். கையில் காசில்லாதவன் என்று பொருள்.

*ஆறு*

பிறந்தது காவிரிப் படுகை என்பதால் இது எனக்கு நெருக்கமான இடம். ஆற்றில் 'அப்பர்' என்றால் தண்ணீர் வருகிற பக்கம், 'லோயர்' என்றால் போகிற பக்கம். வரைபடத்தில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பேச்சே இல்லை. எகிப்தில் 'அப்பர் ஈஜிப்ட்' தெற்கே இருக்கிறது. பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "புக்குல தப்பா போட்டிருக்கான் சார்" என்பார்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆவார்கள். ஆப்பிரிக்காவிலேயே 'அப்பர் வோல்டா' என்று ஒரு நாடு இருந்தது. வோல்டா ஆற்றின் மேற்பகுதி என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். 1984இல் அவர்களே பெயரை மாற்றி 'புர்கினா ஃபாசோ' என்று வைத்துக்கொண்டார்கள். நேர்மையான மனிதர்களின் நாடு என்று பொருள் சொல்கிறார்கள்.

நம் ஊரிலும் உண்டு. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் காலத்தில், 1830களில் கட்டிய மேலணைதான் 'அப்பர் அணைக்கட்'. கொள்ளிடத்தில் அணைக்கரையில் இருப்பது கீழணை, 'லோயர் அணைக்கட்'. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது எங்கள் ஊர்க்காரர்கள் தூங்கவில்லை. மேலே ஒன்று உடைந்தால் கீழே என்ன ஆகும் என்று விவசாயிக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விவசாயி 'அப்பர்', 'லோயர்' என்று சொல்ல மாட்டார். தலைமடை, கடைமடை என்பார். தலைமடைக்காரர் முதலில் பாய்ச்சுவார். கடைமடைக்காரர் மிச்சம் வருகிறதா என்று வரப்பில் நின்று பார்ப்பார். தண்ணீரில் மட்டும் மேலே இருப்பது உண்மையான பலம். அதனால்தான் அங்கே நியாயம் சொல்லக் கோர்ட் வேண்டியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது, ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச் சொத்து இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. மேலே இருப்பவனுக்கு உரிமையோடு கடமையும் உண்டு என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

*அவை*

'அப்பர் ஹவுஸ்' என்றால் மேலவை. நாடாளுமன்றத்தில் மாநிலங்களவை. பெயர்தான் மேலவை, பண மசோதா என்று வந்துவிட்டால் மக்களவை சொல்வதுதான் முடிவு. மேலவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் மேலவை இருந்தது. அதில் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்களும் இருந்தன. 1986இல் மேலவையே கலைக்கப்பட்டது. வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இந்தப் பதிவு இடமில்லை, கமெண்டில் சண்டை வேண்டாம்.

*தெரு*

இப்போது தமிழுக்கு வருவோம். 'மேல்' என்பதை 'அப்பர்' என்று மொழிபெயர்த்தால் பல இடத்தில் கவிழ்ந்துவிடுவோம். சிதம்பரத்தில் மேல வீதியின் ஆங்கிலப் பெயர் 'வெஸ்ட் கார் ஸ்ட்ரீட்'. 'அப்பர் ஸ்ட்ரீட்' இல்லை. ஏன்? தமிழில் மேல் என்றால் மேற்கு. கீழ் என்றால் கிழக்கு. தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையில் தொடங்கிக் கிழக்கே கடலில் சரிந்து முடிகிறது. தண்ணீர் வருகிற உயரமான பக்கம் மேற்கு, இறங்குகிற பக்கம் கிழக்கு. நிலத்தைப் பார்த்து வைத்த பெயர்கள்.

கேரளத்தில் இது தலைகீழ். மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனால் மலையாளத்திலும் கிழக்குக்குக் 'கிழக்கு' என்றுதான் பெயர். மலையின் இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்குக் கால்டுவெல் இதைச் சான்றாகக் காட்டினார்.

ஆக, மேலத் தெரு என்றால் மேற்கே இருக்கிற தெரு. கீழத் தெரு என்றால் கிழக்கே இருக்கிற தெரு. சூரியன் முதலில் எட்டிப் பார்ப்பது கீழத் தெருவில். சொல்லில் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் பிறகு ஏற்றியது.

*வகுப்பு*

நான் இந்தச் சொல்லை மறக்க முடியாமல் போனதற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வி. ஊரின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். எதிர்ச்சொல் பாடம். 'அப்பர் – லோயர்' என்று எழுதிப்போட்டு, மேலே சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பர் தனியாக நிற்காது, எதற்கு மேல் என்று எப்போதும் கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால்தான் சொல் சரியாக இருக்கிறது என்றேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். கீழத் தெருவிலிருந்து வருகிற பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி.

"சார், பேப்பர்ல 'அப்பர் காஸ்ட்'னு போடறாங்களே. அது எதுக்கு மேல சார்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கிண்டலுக்குக் கேட்கவில்லை, சண்டைக்கும் கேட்கவில்லை. நான் சொன்ன விதியைச் சரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நல்ல மாணவி செய்கிற வேலை.

நான் பலகையில் ஒரு பட்டியல் போட்டேன். அப்பர் பெர்த் – எதற்கு மேல்? நடுப் படுக்கைக்கு மேல், டேப் வைத்து அளக்கலாம். அப்பர் லிப் – கீழ் உதட்டுக்கு மேல், கண்ணாடியில் பார்க்கலாம். அப்பர் அணைக்கட் – கீழணையைவிட உயரமான இடத்தில், தண்ணீரே சாட்சி. அப்பர் காஸ்ட் – எதற்கு மேல்? பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன்.

ஒருவன் "பணம் சார்" என்றான். "பணமில்லாதவங்களும் இருக்காங்களே" என்று இன்னொருவனே பதில் சொன்னான். "படிப்பு" என்றது ஒரு குரல். போன பரீட்சையில் முதல் மார்க் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கேள்வி கேட்ட அதே பெண்தான். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. நான்காவது வரிக்கு எதிரே இடத்தைக் காலியாகவே விட்டேன்.

பிறகு சொன்னேன்: "மத்த மூணும் பார்த்து வச்ச பேரு. இது பார்த்து வச்ச பேரு இல்ல. மேலன்னு சொல்லிக்கிட்டவங்க தாங்களே வச்சுக்கிட்ட பேரு. பரீட்சையில இந்தச் சொல் வந்தா, அப்படிச் சொல்லிக்கிறாங்கன்னு எழுதுங்க. அப்படி இருக்காங்கன்னு எழுதாதீங்க."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். "கிராமர் நடத்துங்க சார். ஊர் விஷயம் எதுக்கு? பேரன்ட்ஸ் வந்து நின்னா யார் பதில் சொல்றது?" என்றார். "நடத்தினது கிராமர்தான் சார்" என்றேன். அவருக்குக் கோபம். இரண்டு மூன்று பேர் என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. மேலத் தெருவிலிருந்து ஒருவர் வந்து தலைமையாசிரியர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். என்னை அழைக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் எனக்கு மாறுதல் வந்தது. வழக்கமான மாறுதல் என்றார்கள். இருக்கலாம். போன பள்ளியிலும் அதே பாடம் வந்தது, அதே பட்டியலைத்தான் போட்டேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

இப்போது பத்திரிகைகள் சிலவற்றில் 'ஆதிக்க சாதி' என்று எழுதுகிறார்கள். இது நேர்மையான சொல். இடத்தைச் சொல்லவில்லை, செய்கிற காரியத்தைச் சொல்கிறது. 'உயர் சாதி' என்று இன்றும் எழுதுகிற செய்தியாளர்கள் நம் நட்பு வட்டத்திலும் இருக்கிறார்கள். தம்பிகளே, அடுத்த முறை அந்தச் சொல் விரலில் வரும்போது, எதற்கு மேல் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

*அப்பர்*

கடைசியாக, சொன்னபடி நம் அப்பர். திருநாவுக்கரசர் வயதில் மூத்தவர். திருஞானசம்பந்தர் சிறு பிள்ளை. பிள்ளை 'அப்பரே' என்று அழைத்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. பெரியபுராணத்தில் ஒரு காட்சி உண்டு. திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் பல்லக்கில் வருகிறார். எதிர்கொள்ளப் போன அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து, யாரும் அறியாமல் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து குரல் வருகிறது. சம்பந்தர் பதறிப்போய் இறங்கி வணங்குகிறார்.

சாத்திரம் பேசி கோத்திரத்தையும் குலத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று தேவாரத்தில் கேட்டவரும் இதே அப்பர்தான். அந்தப் பெண்ணின் கேள்விக்கு இங்கேயே வெகு காலத்துக்கு முன்பு ஒரு துணை இருந்திருக்கிறது.

மாணவருக்குச் சுருக்கமாக: தம்பி, இரண்டில் மேலே இருப்பது 'அப்பர்'. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 'டாப்'. அளவில் உயரம் என்றால் 'ஹை'. ஒரு பொருளுக்கு மேற்பட்ட இடம் என்றால் 'அபவ்'. பையனிடம் பத்து வாக்கியம் எழுதச் சொல்லி, ஒவ்வொரு 'அப்பர்' பக்கத்திலும் 'எதற்கு மேல்?' என்று எழுதச் சொல்லுங்கள். பதில் எழுத முடியாத வாக்கியம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பேசுவோம்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகள், உங்கள் வகுப்பில் இப்படிக் கேள்வி வந்ததா, என்ன பதில் சொன்னீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் 'இன்னர்'.